ரொட்டிக்காரர்களும் வடிவமைப்பாளர்கள்தான்: ஆண்டிய உணவுப் போட்டி நடத்துவோருக்கு ஒரு திறந்த மடல்

உணவு வடிவமைப்புப் போட்டியின் ஏற்பாட்டுக் குழுவினருக்கும் நடுவர்களுக்கும்,

பொலிவியாவின் எல் ஆல்டோ நகரில் ஒரு ரொட்டி அடுப்பைச் சேர்ந்த பெண்கள் கூட்டாக அனுப்பிய விண்ணப்பத்தை நீங்கள் தள்ளிவிட்டீர்கள். ஆண்டிய மரபிலிருந்து, அதாவது தென் அமெரிக்காவின் ஆண்டிஸ் மலைநாட்டு மரபிலிருந்து, விளையாட்டுத்தனமான உணவு வடிவங்கள் வேண்டும் என்பது நீங்களே கொடுத்த தலைப்பு. அந்த மரபில் பிறந்து, அதற்காகவே மாவு பிசைகிறவர்கள் அனுப்பியதை மறுக்க இரண்டு காரணம் சொன்னீர்கள். விண்ணப்பத்தில் தனி வடிவமைப்பாளர் ஒருவரின் பெயர் இல்லை என்பது ஒன்று. அனுப்பிய வடிவங்கள் ஏற்கெனவே வழக்கத்தில் இருப்பவை, அதனால் புதுமை இல்லை என்பது இன்னொன்று. அந்தப் படிவத்தை அவர்களோடு உட்கார்ந்து நிரப்பியது நான். மூத்தவர் அய்மாரா மொழியில் சொல்லச் சொல்ல, அவருடைய பேத்தி ஸ்பானிய மொழியில் மாற்றிச் சொன்னாள்; நான் எழுதினேன். உங்கள் மறுப்புக் கடிதத்தை அவர்களுக்கு வாசித்துக் காட்ட வேண்டியதும் என் வேலையாகவே போயிற்று.

இதையெல்லாம் ஸ்பானிய மொழியில் உங்களுக்கு எழுதி அனுப்பினேன். பதில் இல்லை. இப்போது தமிழில், எல்லோரும் பார்க்கும்படி எழுதுகிறேன். உங்கள் போட்டிக்குத் தமிழ் மாணவர்களும் படைப்புகள் அனுப்புகிறார்கள். அவர்களுக்கும் இது தெரிய வேண்டும். உங்கள் குழுவிலும் தமிழ் வாசிப்பவர்கள் உண்டு.

முந்தைய போட்டியில் முதல் பரிசு வாங்கியதை நினைத்துப் பாருங்கள். குழந்தை வடிவ பிஸ்கட். துணியில் சுற்றிய கைக்குழந்தையின் உடல், தலையில் சர்க்கரையில் அச்சடித்த முகம். முகத்தைக் கழற்றி வேறு முகம் மாட்டலாம். சிரிப்பது, அழுவது, நாக்கை நீட்டுவது என்று பெட்டியோடு பல முகங்கள். பெட்டியின் மேல் ஒரு பனிமலையும், லாமா என்ற மலைநாட்டுச் சுமை விலங்கு ஒன்றும். "ஆண்டிய உந்துதல்" என்று ஒரு வரி. எந்த ஊர், எந்த மக்கள், எந்த நாள் என்று எங்கேயும் இல்லை. அந்த வேலைக்கு "அசலான கற்பனை" என்று நடுவர் குறிப்பு எழுதினீர்கள்.

அந்த உருவத்துக்கு ஒரு பெயர் இருக்கிறது: தாந்தாவாவா, ரொட்டிக் குழந்தை. பொலிவியாவிலும் பெருவிலும் நவம்பர் முதல் இரண்டு நாட்களில் வரும் இறந்தோர் நாளுக்காகச் சுடுவது. ஈக்வடாரில் இதன் உறவுக்காரப் பண்டம் குவாகுவா தே பான். அதை ஊதா மக்காச்சோள மாவும் மலைப்பழங்களும் சேர்த்துக் காய்ச்சிய கெட்டியான கொலாதா மொராதாவில் தொட்டுச் சாப்பிடுவார்கள். பொலிவியாவின் லா பாஸ், எல் ஆல்டோ பக்கம் நவம்பர் 1 நடுப்பகலில் இறந்தவர்கள் வீட்டுக்கு வருகிறார்கள், மறுநாள் நடுப்பகலில் திரும்பிப் போகிறார்கள். வருபவருக்காக வீட்டில் ஒரு மேசை போடுவார்கள். பெரியவர் என்றால் கறுப்புத் துணி, குழந்தை என்றால் வெள்ளை. இரு பக்கமும் கரும்பு நிற்கும். போகும் வழிக்குத் தண்ணீர் கொண்டுபோக, தண்டோடு கூடிய வெங்காயம். இறங்கவும் ஏறவும் ரொட்டியில் ஒரு ஏணி. சுமை தூக்க ரொட்டியில் ஒரு குதிரை. சூரியன், நிலா எல்லாம் ரொட்டிதான். நடுவில் அந்த வீட்டு ஆளாகவே இருப்பது தாந்தாவாவா, வண்ணம் பூசிய பிளாஸ்டர் முகத்தோடு. மீசைக்காரர், இரட்டைச் சடைப் பாட்டி, கைக்குழந்தை என்று அக்டோபர் கடைசியில் சந்தையில் முகங்கள் தட்டுத் தட்டாகக் கிடக்கும். வீட்டில் போனவர் யாரோ அவர் சாயலில் ஒரு முகத்தைத் தேடித் தேடி எடுப்பார்கள். மேசை கலைந்த பிறகு ரொட்டியைப் பங்கு போட்டுத் தின்பார்கள். பிளாஸ்டர் முகங்களைக் குழந்தைகள் சேர்த்து வைத்துக்கொள்ளும்.

அந்தப் பரிசுப் பெட்டியில் முகம் மாற்றி விளையாடலாம் என்று போட்டிருந்தது. அந்த அடுப்புக்கு வந்து ஒரு நாள் நின்று பார்த்திருந்தால், முகம் தேடுவதே எவ்வளவு பெரிய விளையாட்டு என்று அந்த மாணவருக்கும் தெரிந்திருக்கும், உங்களுக்கும் தெரிந்திருக்கும்.

அக்டோபர் கடைசி வாரத்தில் அந்த அடுப்படியில் நிற்க இடம் இருக்காது. குடும்பம் குடும்பமாக மாவு மூட்டையோடு வந்து, மணிக்கணக்குக்கு அடுப்பை வாடகைக்கு எடுத்து, நீள மேசையில் வரிசையாக நின்று செய்வார்கள். சோம்பு வாசமும் இலவங்கப்பட்டை வாசமும் தெருமுனை வரை வரும். எல் ஆல்டோ கடல் மட்டத்திலிருந்து 4,000 மீட்டருக்கு மேலே. அங்கே தண்ணீர் 87 டிகிரிப் பக்கமே கொதித்துவிடும்; காற்றழுத்தம் குறைவு என்பதால் மாவு சீக்கிரம் உப்பிவிடும். கொஞ்சம் அசந்தால் குழந்தையின் கையும் உடலும் ஒன்றாகி, ஏணியின் படிகள் ஒட்டிப்போய்ப் பலகையாகிவிடும். எவ்வளவு நேரம் மாவை விடுவது, எந்த மடிப்பை எப்போது போடுவது, மாவுப் பட்டையை ஒட்டும் இடத்தில் தண்ணீர் தொடுவதா முட்டை தொடுவதா, முகத்தை எவ்வளவு ஆழமாகப் பதித்தால் வேகும்போது வெளியே தள்ளாது என்று ஒவ்வொன்றுக்கும் அவர்களிடம் விடை உண்டு. கருவி என்று பார்த்தால் ஒரு சீப்பும் ஒரு கத்தரிக்கோலும்தான். சீப்பை அழுத்தினால் நெசவுத் துணியின் வரி. கத்தரியால் கொத்தினால் ஆட்டு ரோமம்.

அங்கே ஒரு மூதாட்டி, தன் வீட்டில் இறந்தவருக்காக ஏணி செய்யச் சொல்லிக்கொண்டிருந்தார். செய்துகொண்டிருந்த பெண் வழக்கம்போல இடைவெளி விட்டுப் படிகளை வைத்தாள். மூதாட்டி அவள் கையைப் பிடித்து நிறுத்தினார். "படியை நெருக்கி வை அம்மா, அவருக்கு முழங்கால் வலி" என்றார். மேசையைச் சுற்றி இருந்தவர்கள் சிரித்தார்கள், அவரும் சிரித்தார், அப்புறம் கண்ணைத் துடைத்துக்கொண்டார். அந்தப் பெண் படிகளை நெருக்கி வைத்தாள். ஏணி கொஞ்சம் கனமாகிவிட்டது, நடுவில் வேகாது என்று பார்த்து, இரு ஓரத்தையும் மெல்லியதாக இழுத்துவிட்டாள்.

பயன்படுத்துபவர் யார், அவர் உடம்பு எப்படி, பொருள் என்ன தாங்கும், எங்கே விட்டுக்கொடுக்கலாம் என்று வடிவமைப்பு வகுப்பில் நாங்கள் ஒரு பருவம் முழுக்கச் சொல்லிக் கொடுப்பது அவ்வளவும் அந்த ஒரு ஏணியில் இருந்தது. நான் உணவு வடிவமைப்பு சொல்லிக் கொடுத்துப் பிழைக்கிறேன். அதைவிடத் தெளிவான வடிவமைப்பு வேலையை எந்தப் பட்டறையிலும் நான் பார்த்ததில்லை. அந்த ஏணி உங்களுக்கு வந்த விண்ணப்பத்தின் மூன்றாம் படத்தில் இருக்கிறது, படிகள் ஏன் நெருக்கமாக இருக்கின்றன என்ற விளக்கத்தோடு. அதன் பக்கத்தில்தான் "புதுமை இல்லை" என்று குறித்திருக்கிறீர்கள்.

புதுமை என்ற பேச்சை எடுத்ததால் கேட்கிறேன். கோதுமை ஆண்டிஸ் மலைக்கு ஸ்பானியர்களோடு வந்தது. அதற்கு முன் அங்கே மக்காச்சோளம், கீன்வா போன்ற தானியங்கள்தான். வெளியிலிருந்து வந்த தானியத்தையும் அடுப்பையும் எடுத்து, தங்கள் இறந்தோருக்கான சடங்குக்குள் கொண்டுவந்து, குழந்தை, குதிரை, ஏணி என்று வடிவம் கண்டவர்கள் இவர்களுடைய முன்னோர். இன்றும் பஸ் ஓட்டியவர் இறந்தால் பஸ், இசைக்காரர் இறந்தால் வாத்தியம் என்று கேட்பதற்கு ஏற்றபடி மாவில் செய்து தருகிறார்கள். ஆண்டுதோறும் புது வடிவம் பிறக்கும் ஒரு வேலை இது. இவர்கள் செய்தால் அது "வழக்கம்", அதே உருவத்தை வேறொருவர் பிஸ்கட்டில் செய்தால் அது "அசலான கற்பனை" என்பதை நான் எப்படி ஏற்றுக்கொள்ள முடியும்? இரண்டு மதிப்பெண் தாள்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். குழந்தை உருவம் ஒன்றே. மாறியது விண்ணப்பித்தவர் மட்டும்.

விளையாட்டு என்பதை நீங்கள் வெளியிலிருந்து கொண்டுபோய்ச் சேர்க்க வேண்டிய ஒன்றாக நினைக்கிறீர்கள் என்று போட்டியாளர்களுக்கு நீங்கள் தரும் குறிப்பேட்டைப் படித்தால் தோன்றுகிறது. "கனமான மரபை இலகுவாக்குங்கள்" என்று ஒரு வரி அதில் இருக்கிறது. ஆண்டிஸ் உணவில் விளையாட்டுக்கு என்ன குறைச்சல்? பெருவில் குஸ்கோ பக்கமும் இன்னும் சில மலையூர்களிலும் ரொட்டிக் குழந்தைக்கு ஞானஸ்நானம் செய்வார்கள். ஒருவர் பாதிரியார் வேடம் போடுவார், இன்னொருவர் உதவிக்கு நிற்பார், மந்திரம் மாதிரி வாய்க்கு வந்த கேலியெல்லாம் பாடுவார்கள், ரொட்டியின் தலையில் தண்ணீர் தெளிப்பார்கள். கூடியிருப்பவர்கள் வயிறு வலிக்கச் சிரிப்பார்கள். ஆனால் அன்று ஞானப் பெற்றோராக நின்றவர்கள் அதற்குப் பிறகு ஒருவரை ஒருவர் சம்பந்தி முறையாகவே நடத்துவதும் உண்டு. விளையாட்டில் பிறந்த உறவு விளையாட்டோடு முடிந்துவிடுவதில்லை.

உருளைக்கிழங்கில் ஒரு ரகம் இருக்கிறது. உடம்பெல்லாம் முடிச்சும் குழியுமாக, தோல் சீவவே முடியாத கிழங்கு. கெச்சுவா மொழியில் அதன் பெயருக்கு "மருமகளை அழவைப்பது" என்று பொருள். புதிதாக வந்த பெண்ணின் கையில் மாமியார் அதைக் கொடுத்துச் சீவச் சொல்வாராம். பூமா என்ற மலைச் சிங்கத்தின் பாதம் என்று பெயர் பெற்ற கிழங்கு உண்டு, பார்த்தால் நகங்களோடு கூடிய பாதம் போலவே இருக்கும். அறுவடை நாளில் வயலிலேயே காய்ந்த மண்கட்டிகளை அடுக்கிச் சிறு கூம்பு அடுப்பு கட்டி, உள்ளே தீ மூட்டி, மண் சிவந்ததும் கிழங்குகளைப் போட்டு, அடுப்பையே அவற்றின் மேல் இடித்துவிடுவார்கள். இது வாத்தியா. கட்டியை அடுக்குவதிலும் கடைசியில் இடிப்பதிலும் குழந்தைகளுக்குத்தான் முதல் உரிமை. கொஞ்ச நேரம் கழித்து மண்ணைக் கிளறிச் சூடான கிழங்கைத் தேடி எடுக்கும்போது அந்த இடமே கூச்சலாக இருக்கும். டிட்டிகாக்கா ஏரியைச் சுற்றியுள்ள மேட்டு நிலத்தில், அப்படி எடுத்த கிழங்கை உண்ணத்தக்க ஒரு வகைக் களிமண் குழம்பில் தொட்டுத் தின்பதும் உண்டு. கசப்பான மலைக்கிழங்குகளில் உள்ள நச்சுப் பொருளை அந்தக் களிமண் பிடித்துவைத்துக்கொள்ளும். சிரித்துக்கொண்டே தின்னும் பண்டத்துக்குள் இவ்வளவு அறிவு இருக்கிறது.

அலசிதாத் திருவிழாவைச் சொல்லாமல் விட முடியாது. ஜனவரி 24 நடுப்பகலில் லா பாஸ் நகரமே சிறு பொருள்களின் சந்தையாகிவிடும். அந்த ஆண்டு எது வேண்டுமோ அதைச் சின்னதாக வாங்குவார்கள்: வீடு, வண்டி, பணக்கட்டு, விரல் அளவு மாவு மூட்டை, எண்ணெய்ப் புட்டி, நகம் அளவு ரொட்டி. வாங்கியதற்குப் புகை காட்டி ஆசி வாங்கி, எகேக்கோ என்ற குட்டைக் குண்டுச் சாமியின் மேல் மூட்டை முடிச்சாகத் தொங்கவிடுவார்கள். 2017ல் யுனெஸ்கோ இந்த அலசிதாச் சடங்குப் பயணங்களை மனிதகுல மரபுப் பட்டியலில் சேர்த்தது. குட்டி ரொட்டியைச் செய்பவர்களுக்கு அது ஆண்டின் முக்கியமான வருமானங்களில் ஒன்று. அவர்களில் ஒருவரைக்கூட உங்கள் நடுவர் குழுவில் நான் பார்த்ததில்லை.

இந்த விளையாட்டுகளுக்கெல்லாம் நாள் உண்டு, இடம் உண்டு, யாருக்காக என்பது உண்டு. அதைத் தெரிந்துகொள்ளாமல் உருவத்தை மட்டும் எடுத்தால் என்ன ஆகும் என்பதற்கு உங்கள் இந்த ஆண்டுக் குறிப்பேட்டின் ஒரு பக்கமே சாட்சி. அதில் வெள்ளையும் இளஞ்சிவப்புமாகச் சர்க்கரைத் தகடுகளின் படம் போட்டு, "இவற்றைக் குச்சி மிட்டாயாக மாற்றிப் பாருங்கள்" என்று எழுதியிருக்கிறீர்கள். அந்தத் தகடுகளுக்கு மிஸ்தெரியோ என்று பெயர். வீடு, சூரியன், தவளை என்று அச்சில் வார்த்தவை. ஆகஸ்ட் மாதம் பூமித்தாய் பச்சமாமா வாய் திறந்து பசியோடு இருக்கும் மாதம். அப்போது யாத்திரி எனப்படும் அய்மாரா சடங்குக்காரர் கம்பளி, லாமாக் கொழுப்பு, மூலிகை எல்லாவற்றோடும் இந்தத் தகடுகளை அடுக்கிப் படையல் கட்டுவார். படையலைத் தணலில் வைத்து எரிப்பார்கள். அது மண்ணுக்கான சாப்பாடு. மனிதர்கள் தின்பதற்காக யாரும் வாங்குவதில்லை. அந்தப் பக்கத்தைத் தயாரித்தவர் லா பாஸ் சந்தையில் அதை விற்கும் எந்த அம்மாவிடமும் ஒரு வார்த்தை கேட்கவில்லை என்பது நிச்சயம். கேட்டிருந்தால் அவர் சொல்லியிருப்பார். யாரிடமும் ஒளிக்கிற விஷயம் இல்லை அது.

வெளியார் ஆண்டிஸ் உணவைத் தொடவே கூடாது என்று நான் சொல்லவில்லை. நானே வெளியாள்தான். அடுப்படிக்குப் போனபோது முதலில் மாவு மூட்டை இறக்கச் சொன்னார்கள், அப்புறம் தட்டு கழுவச் சொன்னார்கள், அப்புறம்தான் மாவைத் தொட விட்டார்கள். கேட்டுப் போகிறவரைத் துரத்தும் வழக்கம் அங்கே இல்லை. பரிசு வாங்கிய மாணவரையும் நான் குறை சொல்லமாட்டேன். பெயரில்லாத படங்களை நீங்கள் "உந்துதல் படங்கள்" என்று கையில் கொடுத்தீர்கள். அதை வைத்து அவர் உழைத்தார். பொறுப்பு படத்தைக் கொடுத்தவர்களுடையது.

இதைவிட எனக்குக் கவலை தருவது உங்கள் விதிகளின் கடைசிப் பக்கம். போட்டிக்கு வரும் எல்லா வடிவங்களின் வணிக உரிமையும் ஏற்பாட்டாளரைச் சேரும் என்று அதில் இருக்கிறது. அப்படியானால் தாந்தாவாவா உருவத்தின் ஒரு வடிவத்தை நாளைக்கு நீங்கள் உங்கள் பெயரில் பதிவு செய்யலாம். மிகையான பயம் என்று தோன்றுகிறதா? கீன்வாவுக்கு இது நடந்திருக்கிறது. டிட்டிகாக்கா ஏரிப் பக்கத்து அபெலாவா ரகத்திலிருந்து கலப்பின விதை உண்டாக்கும் முறைக்கு 1994ல் அமெரிக்காவில் இரண்டு ஆராய்ச்சியாளர்களுக்குக் காப்புரிமை கொடுத்தார்கள். பொலிவியாவின் கீன்வா விவசாயிகள் சங்கம் சர்வதேச மேடை வரை போய் எதிர்த்துப் பேசியது. 1998ல் அந்தக் காப்புரிமை கைவிடப்பட்டது. தலைமுறை தலைமுறையாகத் தாங்கள் காத்த தானியத்துக்காக விவசாயிகள் வயலை விட்டு வெளியே வந்து நின்று வாதாட வேண்டியிருந்தது. அதே நிலையை ஒரு ரொட்டி அடுப்புக்குக் கொண்டுவரும் வேலையை ஒரு வடிவமைப்புப் போட்டி செய்யக்கூடாது.

சட்டமும் இதில் மௌனமாக இல்லை. ஐ.நா. பொதுச்சபை 2007ல் ஏற்றுக்கொண்ட பழங்குடி மக்கள் உரிமைப் பிரகடனத்தின் 31ஆம் பிரிவு, அவர்களுடைய மரபறிவையும் பண்பாட்டு வெளிப்பாடுகளையும் காக்கவும் கட்டுப்படுத்தவும் அவர்களுக்கே உரிமை உண்டு என்கிறது. அந்தப் பட்டியலில் விதைகள், வாய்மொழி மரபு இவற்றோடு வடிவமைப்புகளும் மரபு விளையாட்டுகளும் பெயர் சொல்லிக் குறிக்கப்பட்டிருக்கின்றன. பொலிவியா அதே ஆண்டில் அந்தப் பிரகடனத்தைத் தன் நாட்டுச் சட்டமாகவே ஆக்கிக்கொண்டது. 2009ஆம் ஆண்டின் பொலிவிய அரசியல் சாசனம் பழங்குடிகளின் அறிவின் மேல் அவர்களுக்குள்ள கூட்டு அறிவுசார் உடைமையை ஏற்கிறது. கூட்டு என்பதைக் கவனியுங்கள். உங்கள் படிவத்தில் அதற்கு ஒரு கட்டம்கூடக் கிடையாது.

கூட்டமாக வந்தால் யாரோடு ஒப்பந்தம் போடுவது, யார் கையெழுத்திடுவது என்று உங்கள் அலுவலகத்திலிருந்து ஒருவர் தொலைபேசியில் என்னிடம் கேட்டார். நியாயமான கேள்விதான், ஆனால் விடையும் இருக்கிறது. குஸ்கோ அருகே பீசாக் மலைச்சரிவில் கெச்சுவா ஊர்கள் சில சேர்ந்து உருளைக்கிழங்குப் பூங்கா ஒன்றை நடத்துகின்றன. லிமாவில் 1971ல் தொடங்கிய சர்வதேச உருளைக்கிழங்கு மையத்தோடு அந்த ஊர்கள் 2004ல் ஒப்பந்தம் போட்டன. மையம் முன்பு அந்த மலைகளிலிருந்து சேகரித்துப்போன நாட்டு ரகங்கள், நோய் நீக்கிய விதைக்கிழங்காக ஊர்களுக்குத் திரும்பி வந்தன. ஊர்க் கூட்டம் கையெழுத்திட்டது, ஒரு பெரிய ஆராய்ச்சி நிறுவனம் அதை மதித்தது. அவ்வளவு தூரம் போவானேன், தமிழ் மாணவர்கள் அறிந்த ஒன்றையே சொல்கிறேன். கோவில்பட்டிக் கடலைமிட்டாய்க்கு 2020ல் புவிசார் குறியீடு கிடைத்தது, தயாரிப்பாளர்களும் வியாபாரிகளும் சேர்ந்த சங்கம் விண்ணப்பித்து வாங்கியது. (அந்த நிலக்கடலையே பொலிவியாவின் தெற்குப் பக்கத்து நிலத்திலிருந்து உலகத்துக்குப் போனது என்று தாவரவியல் சொல்கிறது.) ஒரு தனி ஆள் பெயர் இல்லாமலும் ஒரு பண்டத்துக்கு உரியவர்கள் இருக்க முடியும், சட்டப்படியே.

மறுப்புக் கடிதத்தை வாசித்ததும் அடுப்பின் மூத்தவர் கேட்டது ஒன்றுதான்: "அவர்கள் எங்கள் ரொட்டியைத் தின்று பார்த்தார்களா?" படங்களை மட்டும் வைத்து முடிவு செய்கிறார்கள் என்று சொன்னேன். முதல் பரிசு வாங்கிய பிஸ்கட்டின் மாதிரியை நீங்கள் வரவழைத்துச் சுவைத்துப் பார்த்தது உங்கள் வெளியீட்டிலேயே படத்தோடு வந்திருக்கிறது என்பதை அவரிடம் சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

நான் கேட்பவை இவை.

தள்ளிவிட்ட விண்ணப்பத்தைத் திரும்ப எடுங்கள். கூட்டாக வரும் விண்ணப்பங்களுக்குப் படிவத்தில் இடம் செய்யுங்கள். அடுப்பு, சங்கம், ஊர்க் கூட்டம் எதுவாக இருந்தாலும் அதன் பெயரிலேயே பரிசும் பணமும் போகட்டும். பட்டமோ முந்தைய வேலைகளின் தொகுப்போ கேட்பதை அவர்கள் விஷயத்தில் விட்டுவிடுங்கள். எழுத்துக்குப் பதிலாக அய்மாரா, கெச்சுவா, ஈக்வடாரின் கிச்சுவா மொழிகளில் பேசிப் பதிவு செய்து அனுப்பினாலும் ஏற்றுக்கொள்ளுங்கள். மொழிபெயர்ப்புச் செலவு உங்களுடையதாக இருக்கட்டும். மாதிரி வரவழைத்துச் சுவைத்துப் பார்ப்பதாக இருந்தால் எல்லோருடையதையும் வரவழையுங்கள், இல்லையென்றால் யாருடையதையும் வேண்டாம்.

வணிக உரிமை உங்களைச் சேரும் என்ற விதியை, மரபு வடிவங்களை அடிப்படையாகக் கொண்ட எல்லா வேலைகளுக்கும் இப்போதே நீக்குங்கள். முந்தைய போட்டியின் வேலைகளுக்கும் அது பொருந்தாது என்று எழுத்தில் அறிவியுங்கள். பரிசு வாங்கிய பிஸ்கட் பற்றிய பக்கத்தில் தாந்தாவாவா என்ற பெயரையும், அய்மாரா, கெச்சுவா மக்களின் இறந்தோர் நாளுக்குரிய ரொட்டி அது என்பதையும் சேருங்கள். "அசலான கற்பனை" என்ற நடுவர் குறிப்பைத் திருத்துங்கள். அந்த பிஸ்கட் விற்பனைக்குப் போகப் போகிறது என்றால், பெட்டி அச்சாகும் முன் ரொட்டிக்காரர்களோடு பேசி, வருமானத்தில் அவர்கள் பங்கு என்ன என்பதை முடிவு செய்யுங்கள்.

நடுவர் குழுவில் பாதிப் பேராவது இந்த உணவைச் செய்து வாழ்கிறவர்களாக இருக்க வேண்டும். ரொட்டிக்காரர் ஒருவர், அலசிதாவுக்குக் குட்டிப் பண்டம் செய்பவர் ஒருவர், கிழங்கு விளைவிப்பவர் ஒருவர். மற்ற நடுவர்களுக்கு என்ன கூலியோ அதே கூலி, அதே வாக்கு. குறிப்பேட்டையும் அவர்கள் பார்த்துச் சரி என்று சொன்ன பிறகே வெளியிடுங்கள். மிஸ்தெரியோ பக்கத்தை இன்றே எடுத்துவிடுங்கள். மிட்டாய் செய்து அனுப்பிவிட்ட மாணவர்களுக்கு வேறு தலைப்பில் அனுப்பக் கூடுதல் காலம் கொடுங்கள், தவறு அவர்களுடையது இல்லை.

அடுத்த போட்டி அறிவிப்பு வருமுன் பதில் வேண்டும். எனக்கு அனுப்புவதைவிட விண்ணப்பத்தில் இருக்கும் அடுப்பின் முகவரிக்கே அனுப்புங்கள், அந்தப் பெண்களின் பெயருக்கு. ஸ்பானிய மொழியில் போதும். அக்டோபர் பிறந்துவிட்டால் அவர்களுக்குக் கடிதம் வாசிக்க நேரம் இருக்காது, அதற்கு முன்பே வந்து சேரும்படி பார்த்துக்கொள்ளுங்கள்.